தோளில் ஏறிய மான்

ஒரு கையில் மானை ஏந்தியும், அடியவனைச் சோதிக்க வேடுவனாய் வில்லேந்தியும் வந்த பெருமானே, இரண்டையும் ஒரே திருமேனியில் தாங்கிய உனக்கு என் தடுமாற்றம் புதிதன்று. இம்மடலை எழுதி முடிக்கும் வரையிலாவது என் நெஞ்சை ஓரிடத்தில் இருத்தி அருள்வாய்.

அன்புள்ள நண்பரே,

இன்று காலை லண்டன் லூயிஷாம் கோயிலில் குருக்கள் தந்த திருநீற்றைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். யாரோ வாசற்கதவைத் திறந்தார்கள். உள்ளங்கையிலிருந்த நீறு மெல்ல எழுந்து என் இடப்புறமாகப் பறந்தது. நெற்றியில் இடவேண்டியவன், அது போகும் திசையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். நம் வாடை அந்தப் பக்கம் போகிறது, வலப்புறமாகச் சுற்றித்தான் ஏறவேண்டும் என்று மனம் தானாகவே சொல்லியது. "ஐயா, கொஞ்சம் வழி விடுங்கோவன்" என்றார் பின்னால் நின்றவர். கோயிலுக்குள்ளும் என்னை வேட்டைக்காட்டிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறீர்.

நீர் நோர்வேயிலிருந்து பிளேஸ்டோவுக்குக் குடிவந்தபோது இரண்டு பொருள்களை உம்முடன் கொண்டுவந்தீர்: குழாய் வேலைக்குரிய கருவிப்பெட்டி ஒன்று, வில் ஒன்று. அங்கே உடன் வேலை செய்தவர்களிடம் வேட்டை பழகியதாகச் சொன்னீர். துப்பாக்கியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "துவக்குச் சத்தம் கேட்டது எனக்குக் காணும் அண்ணை" என்றீர்.

புரட்டாதி பிறக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு விமானம் ஏறுவீர். எல்க் என்ற மானைத் தேடி. குதிரையளவு உயரம், கிளைவிட்ட கொம்பு. வழிகாட்டியும் இல்லை, கூலியாளும் இல்லை. ஒரு வரைபடம், ஒரு கூடாரம், நீர். அந்தக் காடு அரசுக்குரிய பொதுநிலம், எவரும் நடக்கலாம். அங்கே வசிக்காதவர் வேட்டையாடுவதற்கென்று தனி அனுமதிச்சீட்டு உண்டு. அதைக் காட்டி நீர் சிரித்தது நினைவிருக்கிறது. "நான் எங்கை போனாலும் வெளியாள்தான் அண்ணை. வெளியாள் எண்டு எழுதி, 'உள்ளுக்கு வா' எண்டு சொல்லுற ஒரே இடம் இதுதான்."

பின்னொரு நாள் சிரிக்காமலே சொன்னீர்: "எங்கடை காணிக்குள்ளை நாங்கள் கால் வைக்க ஏலாமல் எத்தினை வருசம் கிடந்தது? இது ஆரின்ரையும் காணியில்லை. அப்ப எங்கடையும்தானே."

ஆண்டுதோறும் வெறுங்கையோடுதான் திரும்பினீர். பிறகு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை. பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னார். நீரோ, இன்னும் ஒரேயொரு முறை போகவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றீர். உம் மனைவி என் வீட்டுக்கு வந்தார். "தனிய விடமாட்டன் அண்ணை. நீங்கள் பக்கத்திலை நிண்டாலே காணும். அவர் ஒண்டும் தூக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். தீட்சை பெற்ற நாள் முதல் ஊனைத் தீண்டாதவன் நான். சமைப்பேன், காவல் இருப்பேன், ஊனைத் தொடமாட்டேன் என்று உம்மிடம் உறுதியாகச் சொல்லிவிட்டே விமானம் ஏறினேன். எதுவும் கிடைத்தால் சிறிது சிறிதாய் இரண்டு நாளில் இறக்கிவிடுவதாக நீர் உம் மனைவிக்கு வாக்களித்திருந்தீர்.

முதல் விடியலில் ஓடைநீரில் குளித்துக் கற்பூரம் ஏற்றினேன். மரங்களுக்கிடையே ஏதோ குரைத்தது. பிறகு கிளைகள் முறிய ஒரு கூட்டமே ஓடும் ஒலி. நீர் தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்தீர். "அண்ணை, சாமிக்குக் காட்டின தீபத்தை எல்க்கும் கும்பிட்டிட்டுப் போகுது!" அன்றிலிருந்து புகையில்லாமல் மனத்தாலேயே வழிபட்டேன்.

குறிஞ்சித் திணையை மாணவர்க்குப் பல காலம் பாடம் சொன்னவன் நான். ஆயினும் மலைச்சாரலில் ஆண் மான் துணையை அழைக்கும் குரலை அதுவரை கேட்டதில்லை. குழலோசையாய்த் தொடங்கி, துருப்பிடித்த இரும்புக் கதவுபோல் உயர்ந்து, அடிவயிற்று உறுமலாய் அடங்கியது. என் உடம்பு சிலிர்த்தது. உம்முடைய முகத்தைப் பார்த்தேன். நோயாளியின் முகமாக அது இல்லை.

காற்றின் போக்கைக் காண நீர் வைத்திருந்த மாப்பொடிப் புட்டி ஓடையில் விழுந்துவிட்டது. கையை நீட்டினீர்.

"உங்கடை திருநீறிலை கொஞ்சம் தாங்கோ."

"அது பூசுறதுக்கு ஐசே. கொல்லுறதுக்கு இல்லை."

"பூசிப்போட்டு மிஞ்சினதைத் தாங்கோவன்."

தந்தேன். நீர் விரல்களால் தூவினீர். அது நமக்குப் பின்னால் மெதுவாய் மிதந்து போனது; நம் வாடை மானுக்கு எட்டாது என்று தெரிந்தது. அதற்கு எதிர்த்திசையிலேயே ஏறினோம். அங்கேதான் ஓர் ஆண் எல்க்கின்மேல் உமது அம்பு பாய்ந்தது. சிறிது தூரம் ஓடி, மஞ்சளாகத் தொடங்கிய இலைகளின் கீழ் அது விழுந்துவிட்டது. நீர் அருகில் போய் முழந்தாளிட்டு அதன் கழுத்தில் கைவைத்தீர். நான் விலகி நின்று ஐந்தெழுத்தை ஓதினேன். அதற்காகவா, உமக்காகவா, எனக்காகவா என்று இன்றும் தெரியவில்லை.

நீர் கூறிட்டுத் துணிப்பைகளில் இட்டு முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. புரட்டாதியில் அங்கே அத்தனை வெப்பம் வருமென்று நாம் எண்ணவில்லை. சிறிது சிறிதாய் இறக்க இரண்டு நாள் எடுத்தால் ஊன் கெட்டுவிடும். நீர் ஒரு முழுத் தொடையை முதுகில் கட்டிக்கொண்டு எழுந்தீர். சரிவில் சில அடி போய் ஒரு மரத்தைப் பிடித்தபடி அமர்ந்தீர். உதடுகள் சாம்பல் நிறமாயின.

"விட்டிட்டு வாரும்" என்றேன்.

"ஏலாது அண்ணை. சாப்பிடக்கூடிய இறைச்சியை விட்டிட்டுப் போறது இங்கை குற்றம்."

"குற்றமெண்டால் தண்டம் கட்டுவம். உம்மடை மனுசிக்கு நான் என்ன சொல்லுறது?"

"சட்டத்தை விடுங்கோ. இதை அழுக விட்டால் நான் சும்மா ஒரு உயிரை எடுத்தவன். பிறகு எனக்கு நித்திரை வராது."

மறுபடியும் எழ முயன்றீர். பாரம் எழவிடவில்லை. உம் மனைவி என் வாசலில் நின்ற நிற்பு கண்முன் வந்தது. நான் வந்து பையின் பட்டியை உமது தோளிலிருந்து கழற்றினேன். துணியை ஊடுருவிய ஈரம் என் விரல்களில் பட்டது. இன்னும் சூடு இருந்தது.

"உங்கடை விரதம்?" என்றீர்.

"அது என்ரை பாடு. நீர் முன்னாலை போய் வழியைப் பாரும்."

மாலை வரை ஏறி இறங்கினேன். நீர் வெறுங்கையோடு முன்னே நடந்தீர், கல்லைக் காட்டினீர், வேரைக் காட்டினீர். இடையிடையே நான் மூச்சுவாங்கத் தேவாரம் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "ஓதுவார் இறைச்சிக்கடை வைச்சிட்டார்" என்று கேலி செய்தீர். எனக்குக் கோபம் வந்தது; அதே கோபம்தான் கடைசிப் பையை வண்டிவரை கொண்டுவந்தது. கொம்பை எடுக்க மேலே போக வேண்டாமென்று நீரே சொல்லிவிட்டீர்.

இறைச்சியை இந்நாட்டுக்குக் கொண்டுவர முடியாதாகையால், அடிவாரத்து ஊரில் ஏழைகளுக்குச் சமைத்துப்போடும் ஒரு கூடத்தில் கொடுத்தோம். நீர் ஒரு துண்டை மட்டும் உப்பிட்டு வாட்டி உண்டீர். நான் பயறும் சோறும் உண்டேன். நடந்ததை உம் மனைவியிடம் நானே சொன்னேன். "உங்கடை ஆசாரம் போச்சுது அண்ணை. என்ரை மனுசன் வந்திட்டார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பங்குனியில் உமது நெஞ்சு மறுபடி சோர்ந்தது. மருத்துவமனையில் கண்திறந்து, "காத்து எந்தப் பக்கம் அண்ணை?" என்றீர். மடியிலிருந்த நீற்றை எடுத்துத் தூவினேன். சாளரங்கள் மூடிய அறை. அது நேரே கீழே உமது போர்வையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். மிஞ்சியதை உமது நெற்றியில் இட்டேன். அதன்பின் நீர் கண்திறக்கவில்லை.

அந்த ஊனைச் சுமந்தது பாவமா, புண்ணியமா? நூல்களைப் புரட்டுகிறேன்; ஒரு பக்கம் தேற்றுகிறது, மறுபக்கம் கடிகிறது. இருக்கை கொள்ளாமல் எழுந்து சாளரத்தண்டை போகிறேன். தெருவில் காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்கிறேன். புரட்டாதி நெருங்க நெருங்கக் கால்கள் மேட்டைத் தேடுகின்றன.

அந்தப் பட்டி அழுத்திய வலத்தோள் இன்னும் சரியாகவில்லை. சந்நிதியில் இரு கைகளையும் தலைக்குமேல் குவிக்க முயல்கிறேன்; வலக்கை பாதியில் நின்றுவிடுகிறது. இடக்கையும் இறங்கி வந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது. நெஞ்சுக்கு நேரே குவித்தபடி நிமிர்ந்து பார்க்கிறேன். மானை ஏந்திய பெருமான் கை தாழவில்லை. என் தோளும் அதை இன்னும் இறக்கவில்லை.

உம் மனைவி நலம்பெற்று வாழ்க. இதை வாசிப்போர் இல்லங்களில் அடுப்பு அணையாதிருக்க, வெளியே சென்றோர் யாவரும் வீடு வந்து சேர, எம்பெருமான் துணைநிற்பாராக.