பேர் சொல்லாத மனுசி

பியோர்ண்டால், ஒஸ்லோ
13.01.2025

வினோஜாவின்ரை அம்மாவுக்கு,

நான் சுகம். நீரும் சுகமாய் இருப்பீர் எண்டு நினைக்கிறன். போனிலை கதைச்சால் ரெண்டு பேரும் சண்டையிலைதான் முடிக்கிறியள், எழுதுங்கோ எண்டு மகள் வினோஜா சொன்னாள். அதாலை எழுதிறன். எழுத வேறை விசயமும் இல்லை. நேற்று எங்கடை ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் நாடகம் பாத்தனீரோ?

தம்பி குகநேசன் வீட்டிலை நானொருத்தன்தான் அதைப் பாக்கிறது. அவன்ரை மனுசிக்கு ரத்தத்தைக் கண்டால் சாப்பாடு இறங்காதாம். சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, கீழை ஓடுற எழுத்தை வாசிச்சு வாசிச்சுப் பாத்தன். நேற்றையான் பகுதி எங்கடை ஆக்களைப் பற்றினது. தமிழன் ஒருத்தன் கார் விடுற இடத்திலை செத்துக் கிடக்கிறான். அவன்ரை மனுசியை இன்ஸ்பெக்டர் இங்கெபோர்க் விசாரிக்கிறாள். எத்தினை தரம் கேட்டும் அவள் புருசன்ரை பேரைச் சொல்லேல்லை. அவர், பிள்ளையின்ரை அப்பா, இவ்வளவுதான். இங்கெபோர்க் அதிலைதான் பிடிச்சாள். இவ்வளவு காலம் ஒண்டாய் இருந்தவன்ரை பேரைச் சொல்ல வாய் வரேல்லையெண்டால் உள்ளுக்கை வெறுப்பு முத்திப்போச்சு எண்டு விலங்கு போட்டுக் கொண்டுபோயிட்டாள்.

நல்ல கதை. நான் தொடக்கத்திலேயே மனுசியிலைதான் கண் வைச்சனான். உமக்குத் தெரியும்தானே, என்ரை கணக்குப் பிழைக்காது. மிச்சம் வாற ஞாயிறாம். ஆள் பிடிபட்டாச்சு, இனி என்ன மிச்சமோ தெரியாது. ஒரேயொரு பிழை, அந்த வீட்டு மேசையிலை சோத்துக்குப் பக்கத்திலை முள்ளுக்கரண்டி வைச்சிருந்தினம்.

இஞ்சை சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் ரசம் எண்டு சொல்லிச் சுடுதண்ணி தருகினம். நீர் இன்னும் அந்தப் பின்னேர வேலைக்குப் போறீரோ? றோட்டெல்லாம் வழுக்கும், கவனம்.

இப்படிக்கு,
வினோஜாவின்ரை அப்பா


புருசெத், ஒஸ்லோ
17.01.2025

வினோஜாவின்ரை அப்பாவுக்கு,

உங்கடை கடிதம் கிடைச்சுது. தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே வருது, அதுதான் மறுமொழி பிந்திட்டுது. நானும் பாத்தன். வந்த கோவத்திலை உழுந்து ஊறப்போடவும் மறந்துபோனன். பேர் சொல்லாததுதான் கொலைக்குச் சாட்சியெண்டால், எங்கடை பெண்டுகளை அடைக்க நோர்வேயிலை சிறைச்சாலை காணாது.

அவள் கொலை செய்யேல்லை. நீங்கள் எழுத்தை வாசிச்சியள், நான் முகத்தைப் பாத்தனான். விசாரணை நடக்கேக்கை கதவு திறக்கிற நேரமெல்லாம் அவள் திரும்பிப் பாக்கிறாள். கொலை செய்தவள் ஏன் வாசலைப் பாக்கவேணும்? ஆள் செத்தது தெரிஞ்சும் பாக்கிறாளே, அது காத்திருந்து பழகின கண். எனக்குத் தெரியும். போன வருசம் மாரிக்குளிர் முழுக்க நானும் அப்பிடித்தான் வாசலைப் பாத்தனான்.

உங்களுக்கு நெஞ்சு நோ வந்த நேரம் ஞாபகம் இருக்கோ? ஆசுப்பத்திரியிலை நேர்ஸ் உங்கடை பேரைக் கேக்க, நான் சொல்லமாட்டாமல் உங்கடை பேர்ஸைத் திறந்து அட்டையைக் காட்டினன். அவள் எனக்கு நோர்வேஜிய பாசை தெரியாதாக்கும் எண்டு மொழிபெயர்க்க ஆள் தேடி ஓடினாள். நீங்கள் அந்த நோவுக்குள்ளையும் சிரிச்சனீங்கள். அண்டைக்கு இங்கெபோர்க் அங்கை நிண்டிருந்தால் என்னையும் பிடிச்சுக்கொண்டு போயிருப்பாள்.

ஓம், முதியோர் இல்லத்திலை பின்னேர வேலைதான். அதுக்காகத்தானே, சோறு போட்டுத்தர ஆளில்லாத வீட்டிலை எனக்கென்ன வேலையெண்டு பெட்டியைத் தூக்கினீங்கள். ஒரு கிழமையிலை கெஞ்சிக்கொண்டு வருவாள் எண்டு நினைச்சிருப்பியள். நானும் வீம்புக்காரி, உங்களோடை இருந்து பழகினதுதானே. வேலையிலை என்னை எல்லாரும் பூமணி எண்டுதான் கூப்பிடுகினம். தொடக்கத்திலை வேறை ஆரையோ கூப்பிடுகினம் எண்டு திரும்பிப் பாக்காமல் போயிருக்கிறன். நான் உங்கடை பேரைச் சொல்லாதது எங்கடை வழக்கம். நீங்கள் என்ரை பேரைச் சொல்லக்கூடாதெண்டு ஆர் தடுத்தது? எந்த நாளும் இஞ்சாரும், இஞ்சாரும்தான்.

ரசத்துக்கு மல்லியை வறுத்து இடிக்கவேணும். தம்பியின்ரை மனுசியைக் குறை சொல்லாமல் நீங்களே இடியுங்கோ.

வினோஜாவின்ரை அம்மா


பியோர்ண்டால்
20.01.2025

பூமணிக்கு,

இந்த ஒரு சொல்லை எழுத எனக்குக் கனநேரம் எடுத்தது. குகநேசன் எட்டிப் பாத்து, என்ன அண்ணை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கொப்பி எழுதிறியளோ எண்டு பகிடி பண்ணினான்.

என்ரை கணக்குப் பிழைச்சிட்டுது. கொலை செய்தது செத்தவனோடை வேலை செய்த கூட்டாளி. இங்கெபோர்க் விசாரணையின்ரை ஒளிப்பதிவைத் திரும்பப் போட்டுப் பாக்கேக்கைதான் அந்த மனுசி வாசலைப் பாக்கிறதைக் கண்டவள். நீர் அதுக்கு முதலே கண்டிட்டீர். அவளுக்குச் சம்பளம் குடுக்கிற ஆக்கள் உமக்குத்தான் குடுக்கவேணும்.

பிரேத அறையிலை அவள் துணியை விலத்தி, புருசன்ரை முகத்தைப் பாத்து, முதல்முறையாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளே. அதிலை எனக்குக் கண் கலங்கிட்டுது. இனிக் கேக்க ஆளில்லாத நேரத்திலைதான் அவளுக்கு வாய் வந்தது. அவனும் அவளை எப்பிடிக் கூப்பிட்டவனோ, ஆருக்குத் தெரியும்.

வாசலைப் பாத்தன் எண்டு நீர் எழுதினதைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். நானும் இஞ்சை போனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். வீட்டை வாங்கோ எண்டு நீர் கூப்பிடுவீர், ரோசமாய் ரெண்டு கதை கதைச்சுப்போட்டு வருவம் எண்டு. ஒரு வருசம் போயிட்டுது.

பூமணி, நான் வீட்டை வரட்டோ? மல்லி வறுத்து இடிச்சு ரசம் வைச்சன். குகநேசன் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவன். நீர் வேலையாலை வரேக்கை சோறு சுடச்சுட இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. பெட்டி கட்டி வைச்சிருக்கிறன், வீட்டுப் பூட்டின்ரை திறப்பும் என்னட்டைத்தான் இருக்கு. ஆனால் நீர் சொல்லாமல் வரமாட்டன். வாற ஞாயிறு புதுக் கேஸாம், இந்த முறைக்குக் கடைசிப் பகுதி. அதுக்கு முதல் ஒரு சொல்லு எழுதும்.

இரத்தினவேல்


புருசெத்
23.01.2025

அன்புள்ள இரத்தினவேல்,

எழுதிப்போட்டன். கூரை இடிஞ்சு விழேல்லை. குசினிக்குள்ளை நிண்டு வாய்விட்டும் சொல்லிப் பாத்தன். நல்ல பேர்தான்.

உங்கடை எழுத்திலை என்ரை பேரைக் கண்டு அழுதனான், பொய் சொல்லமாட்டன். இந்தக் கடிதம் போன மாரியிலை வந்திருந்தால், நானே பஸ் ஏறி வந்து உங்கடை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பன்.

வாசலைப் பாக்கிறதை எப்ப விட்டன் எண்டு எனக்கே தெரியாது. ஒரு நாள் வேலையாலை வந்து, சப்பாத்தைக் கழட்டி, தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, படுத்து எழும்பினன். அடுத்த நாள்தான் யோசிச்சன், நேற்று வாசலைப் பாக்கேல்லையே எண்டு. அதுக்குப் பிறகும் பாக்கேல்லை. கோவம் இல்லை. கோவமெண்டால் நீங்கள் வைச்ச ரசத்தோடை அது ஆறியிருக்கும். எனக்கு இப்பிடித் தனிய இருக்கிறது பிடிச்சுப்போச்சு. சொல்ல வெக்கமாய்த்தான் இருக்கு, ஆனால் பிடிச்சிருக்கு.

அதாலை பெட்டியை அவிழுங்கோ. தம்பி வீட்டிலை கனகாலம் இருக்கேலாது, ஒரு சின்ன வீடு பாக்கிறதுக்கு வினோஜா உதவி செய்வாள். அவளோடை நான் கதைச்சிட்டன். கொஞ்சம் அழுதாள், பிறகு சரியெண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. நீங்கள் ரசம் கொண்டு வாங்கோ, நான் சோறு போடுறன். ஆர் கொலைகாரன் எண்டு பந்தயம் பிடிப்பம். இந்த முறையும் நீங்கள்தான் தோப்பியள். நாடகம் முடியப் பியோர்ண்டாலுக்கு பஸ் இருக்கு.

அந்த மனுசி பிரேத அறையிலை போய்த்தான் பேர் சொன்னவள். நாங்கள் ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையிலை இருந்து சொல்லுவம். வினோஜாவின்ரை அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு எந்தக் காலத்திலையும் வாய் வந்திருக்காது. வீட்டுக்கு வாற சிநேகிதரை அப்பிடித்தானே கூப்பிடவேணும்.

திறப்பு இருக்கெண்டு திறந்துகொண்டு வராதேங்கோ. மணியை அடியுங்கோ, நான் வந்து திறக்கிறன்.

பூமணி