ஓசேயோ என்றால் வாங்க

ரேஷன் அட்டையிலிருந்து உங்கள் பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டுமாம். அதைத் தேடி பீரோவைக் குடைந்தபோது நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் தமிழ். எதிர்ப்பக்கம் தமிழ் எழுத்திலேயே கொரிய மொழி. என் கையெழுத்துதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனமில்லை.

எண்பதுகளின் நடுவில் அது. சவுதியில் கொரியர்களின் கட்டுமானக் கம்பெனியில் இரண்டு வருடம் வெல்டராக இருந்துவிட்டு லீவில் வந்திருந்தீர்கள். திரும்பிப் போனால் ஃபோர்மேன் வேலை கிடைக்கலாம். அதற்கு முன் மெட்ராஸில் ஒரு கொரிய அதிகாரி நேரில் பேசிப் பார்ப்பார் என்றார்கள்.

"நீங்கதான் அவங்க பாஷைய நல்லா பேசுவீங்களே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டேன். மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"ஃபோர்மேன் எங்கள திட்டிக்கினே இருப்பான். அதக் கேட்டுத்தான் நான் கத்துக்கினேன். ஒரு நாளு பெரிய இன்ஜினீயரு வந்தாரு. சாப்பிடக் கூப்பிடலாம்னு அவன மாதிரியே 'வா'ன்னுட்டேன். அத்தினி பேரு எதிர்லயும் அறைஞ்சிட்டாரு. எதுக்குன்னே அன்னிக்குப் புரியல."

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். அந்த இன்ஜினீயரிடம் மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லி இந்த நோட்டில் எழுதினேன். அந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. மரியாதை அதன் வாலில் ஒட்டிக்கொள்கிறது. வா என்பதற்கு அவர்களும் 'வா' என்றே சொல்கிறார்கள். வாங்க என்றால் 'ஓசேயோ'. 'கா' போ, 'காசேயோ' போங்க.

பத்து நாள் இதே பாடம். நான் அடுப்படியிலிருந்து வந்தால் "ஓசேயோ". குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் "காசேயோ". கல்யாணமாகி ஆறு வருடத்தில் 'ஏய்', 'வாடி' தவிர வேறெதுவும் கேட்டறியாத எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு முறை சொல்ல மாட்டீர்களா என்றும் இருந்தது.

ஒரு மதியம் கேட்டே விட்டேன். "அதையே தமிழ்ல ஒரு வாட்டி சொல்லுங்களேன்."

"பொண்டாட்டிய எவனாவது வாங்கம்பானா? ஊரே சிரிக்கும். போடி."

வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக, "வெயில்ல நிக்காத" என்றீர்கள். பஸ் நகர்ந்ததும் தலையை நீட்டி, "காசேயோ!" என்று கத்தினீர்கள். சுற்றி நின்ற யாருக்கும் புரியாது என்ற தைரியம். புரிந்த ஒருத்தி, கையைக்கூட அசைக்காமல் நின்றேன்.

அதன்பின் பதினோரு வருடம் அங்கேயே ஓடியது. திரும்பி வந்தபோது மூட்டு தேய்ந்திருந்தது. ஊரில் இருக்க இருக்க அந்த மொழியும் மறந்துபோனது. அந்த அடியை மட்டும் நீங்கள் மறக்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "மரியாத கொஞ்சம் கொறஞ்சிச்சின்னு அடிச்சிட்டான்" என்பீர்கள். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போவேன். அந்த வலி எனக்குத் தெரியாதா என்று கேட்க நினைத்ததுண்டு. கேட்கவில்லை. கடைசி நான்கு வருடம் உங்களைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்ததில், கேட்பதற்குத் தெம்பும் இருக்கவில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் 'நீ' என்றுதான் ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்தவரிடம் இனி என்ன பயம்? ஆனாலும் மூன்று வரிக்கு மேல் கை ஓடவில்லை. பயமா, பிரியமா என்று பிரித்துப் பார்க்கவும் இப்போது சலிப்பாக இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'நீங்கள்' என்று வேறொரு தாளில் எழுத ஆரம்பித்தேன்.