கரிக்கிற தண்ணீர்

தம்பிக்கு,

பிரித்துப் படிப்பாயோ, கிழித்துப் போடுவாயோ, எழுதிவிடுகிறேன்.

நாம் கட்டிய கடற்கரை விடுதியில் ஏழு தூண்கள் வெடித்துவிட்டன. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தூணாகக் கொத்திப் புதுக் கம்பி கட்டுகிறோம். இரண்டு முடிந்தது. மீதி ஐந்தையும் முடிக்காமல் நகரமாட்டேன்.

வருடத்துக்கு ஒரு வாரம் தங்க அறைகளில் பங்கு வாங்கிய குடும்பங்கள் நேற்று கூட்டம் போட்டார்கள். "எங்க வாரம் வர்றதுக்குள்ள சரியாயிடுமா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "முதல் விரிசல் வந்தப்போ மேஸ்திரி மேல தப்புன்னு சொன்னீங்களே, அந்தத் தம்பி எங்கம்மா?" என்றார்.

அன்று தூண் எழுப்பும்போது கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "உப்புக் கரிக்குதுக்கா, லாரித் தண்ணி வரட்டும்" என்றாய். "உன் நாக்கு என்ன ஆய்வுக்கூடமா?" என்று சிரித்து, அதிலேயே கலவை போடச் சொன்னவள் நான். கூட்டத்தில் எழுந்து நின்று அதை அப்படியே சொன்னேன். சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு, ஒவ்வொரு லாரித் தண்ணீருக்கும் சோதனைச் சீட்டு காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலையை என்னிடமே விட்டார்கள்.

சீட்டைக் காட்டுகிறேன். ஆனாலும் கலவை இயந்திரம் சுற்றும் முன் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சீட்டு நல்ல தண்ணீர் என்கிறது. எனக்கு எல்லாத் தண்ணீரும் கரிக்கிறது.

திங்கட்கிழமை மூன்றாவது தூண். நீ வாயில் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை இயந்திரம் ஓடாது.

உன் அக்கா