பொறுப்பு அதிகாரி என்றொரு கட்டம்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன், அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

முகாம் வேலை பழகிவிட்டது. ராணுவம் விடும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் முகாம் எவ்வளவு விடுகிறது என்று அளந்து எழுதுவதுதான் என் வேலை. அறிக்கையின் கடைசியில் 'பொறுப்பு அதிகாரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று வருடமாக அதில் 'எல்லாப் பிரிவுகளும்' என்றே எழுதியிருக்கிறார்கள். மூன்று வருடமும் புகை கூடியிருக்கிறது. "அதையே எழுதும்மா, நமக்கெதுக்கு வம்பு? உன் வேலையே இன்னும் நிரந்தரமாகலை" என்கிறார் மேலாளர்.

இன்னொன்று. அதிகாரிகளுக்காகக் காத்திருக்கும் வண்டிகளின் இன்ஜினை யாரும் அணைப்பதில்லை. நின்ற இடத்திலேயே மாதம் ஏழாயிரம் லிட்டர் டீசல் எரிகிறது. அப்பா, நீங்களும் அப்படித்தானே?

தயக்கத்துடன்,
உங்கள் மகள்

மார்ச் 14

அன்பு மகளுக்கு,

ஆமாம், நானும் அப்படித்தான். எங்கள் முகாமில் பத்தொன்பது வருடமாகத் தளபதி வண்டி ஓட்டுகிறேன். ஐயா படியிறங்கும்போது வண்டி உறுமிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும். அணைத்து வைத்தவன் மறுநாள் தண்ணீர் லாரி ஓட்டப் போய்விடுவான். அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன். நீ அதை லிட்டரில் அளந்துவிட்டாய். நாலு நாள் உனக்குப் பதில் எழுதவே பிடிக்கவில்லை.

பழியை டிரைவர் தலையில்தான் கட்டுவார்கள். அப்படி ஆகாமல் பார்த்து எழுது. "வேலை போயிடப்போகுது, வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க" என்கிறாள் உன் அம்மா. வாயே திறக்காத பிள்ளைக்கு இப்படி ஒரு புத்திமதி!

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

கட்டத்தைக் காலியாகவே விட்டேன். நேற்றுக் கூட்டத்தில் எங்கள் தளபதி அதில் விரலை வைத்து, "இது ஏன் காலி?" என்றார். மேலாளர் என்னை முறைத்தார். ஓர் அதிகாரி, "டிரைவருங்களுக்குத் தண்டனை கொடுத்தா சரியாயிடும்" என்றார்.

அப்போதுதான் எழுந்தேன். "ஐயா, டிரைவரால அணைக்க முடியாது. காத்திருக்கச் சொன்னவங்கதான் அணைக்கவும் சொல்லணும்."

"யாரும்மா சொன்னது?" என்றார் தளபதி.

"எங்கப்பா. அவரும் தளபதி வண்டிதான் ஓட்டுறார்."

கீழே எங்கள் தளபதியின் வண்டி உறுமுவது மட்டும் கேட்டது. அது அவர் காதிலும் விழுந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, "அணைச்சிடுப்பா!" என்று குரல் கொடுத்தார். திரும்பி வந்து கட்டத்தில் தன் பதவியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷமும் கூடியிருந்தா யாரையும் தேடாதீங்க. இந்தப் பொண்ணு என்னைக் கேக்கட்டும்" என்றார்.

அடுத்த வருடமும் நான் இங்கேதான் அப்பா!

தயக்கம் தீர்ந்துவிட்ட
உங்கள் மகள்

ஏப்ரல் 10

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை அம்மா நாலு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் ஐந்தாவது முறையும் படித்தேன்.

உங்கள் தளபதியின் உத்தரவு எங்கள் முகாமுக்குச் செல்லாது. இன்று ஐயாவுக்கு இரண்டு மணி நேரக் கூட்டம். நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை. மரத்தில் அணில் கத்துவதுகூடக் கேட்டது.

ஐயா படியிறங்கி வந்து, "என்னய்யா, வண்டி படுத்துக்கிச்சா?" என்றார்.

"இல்லைங்கய்யா. நான்தான் அணைச்சேன். எம்பொண்ணு இதையெல்லாம் கணக்கெடுக்கிறா."

என்னையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, காற்று வர ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நாளைக்குத் தண்ணீர் லாரியோ என்னவோ தெரியாது. எந்த வண்டியானாலும், நிற்கும்போது அணைத்தே வைப்பேன்.

இப்படிக்கு,
கணக்கெடுக்கிறவளின் அப்பா