புதுக்கோட்டையில் உங்களைப் பார்த்தோம்

786

கோட்டைப்பட்டினம்
9-7-1961

பினாங்கில் இருக்கும் என் பிரியமுள்ள மச்சான் அப்துல் மஜீது அவர்களுக்கு, உங்கள் ரஹீமா பீவி எழுதும் ஸலாம். இங்கே நானும், மகள் நிஹாரும், உங்கள் அக்கா ரோஷன் பேகம் லாத்தாவும் அல்லாஹ் கிருபையால் சுகமே.

லாத்தாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. புதுக்கோட்டையில் கண்புரை எடுத்ததை முன்பே எழுதியிருந்தேன். வியாழக்கிழமை கண்ணாடி வாங்க வரச் சொல்லியிருந்தார்கள். மூவரும் முதல் பஸ்ஸில் புறப்பட்டு, அறந்தாங்கியில் மாறிப் போனோம். கண்ணாடியை மாட்டியதிலிருந்து லாத்தாவை அடக்க முடியவில்லை. தெருவில் போகிற ஆட்டுக்கு ஒரு கொம்பு ஒடிந்திருப்பதைக் கூட விடாமல் சொல்கிறார். என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, நீ இம்புட்டு இளைச்சா போயிட்டே?" என்றார். நான் இளைக்கவில்லை. நீங்கள் வீண் கவலைப்பட வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. வெயிலும் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில், 'ஓவியர் ஞானமணி அம்மாள் வாழ்ந்த இல்லம். அனைவரும் பார்க்கலாம்' என்று போர்டு இருந்தது. அந்த அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் மறைந்த பிறகு, தங்கை அடைக்கலமேரி அம்மாள் வீட்டை அப்படியே வைத்துப் படங்களை மாட்டி மியூசியமாக்கி இருக்கிறார்.

உருவப்படம் உள்ள இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று லாத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். நம் வீட்டில் உங்கள் போட்டோ ஒன்றைக் கூட வைக்க விடாதவர் அல்லவா! அடைக்கலமேரி அம்மாள், "வாங்கக்கா, தண்ணி குடிச்சுட்டு நெழல்ல உக்காருங்க. படத்தைப் பாத்தே ஆகணும்னு சட்டமா இருக்கு?" என்றார். லாத்தா உள்ளே வந்து, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்த அடுப்பங்கரைதான் மிகவும் பிடித்தது. சோறு வேகிற நேரத்திலும் அந்த அம்மாள் வரைந்துகொண்டே இருப்பாராம். தூரிகையைத் துடைத்துத் துடைத்து அலமாரிக் கதவெல்லாம் கலர். "எங்கக்கா வச்ச கொழம்புல பச்சையா எதாச்சும் கெடந்தா, கறிவேப்பிலையா பெயிண்டான்னு மோந்து பாத்துட்டுத்தான் திம்போம்" என்று தங்கை சொல்ல, வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

பின்கட்டு அறைக்குப் போனால், நம்ம ஊர்க் கடற்கரை! ஒரு வள்ளம், காயப்போட்ட வலை, நடுவே தோளில் துடுப்போடு சிரிக்கிற வாலிபர். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கீழே 'கோட்டைப்பட்டினம், 1949' என்று எழுதியிருந்தது. மச்சான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்களேதான்!

அடைக்கலமேரி அம்மாளிடம் சொன்னதும் அவருக்கும் தலைகால் புரியவில்லை. "அந்தப் பையனா ஒங்க வீட்டுக்காரரு? டீ வாங்கித் தந்தாத்தான் நிப்பேன்னு சொன்னாராம். வாங்கிக் குடுத்தும் நிக்கலையாம். வள்ளம் ஒண்ணுதான் ஆடாம நின்னுச்சுன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்" என்றார். லாத்தாவின் அடிக்குப் பயந்து, படத்துக்கு நின்றதை மறைத்தீர்கள், சரி. கட்டின பெண்டாட்டியிடமாவது சொல்லக் கூடாதா?

எங்கள் சத்தம் கேட்டு லாத்தா எழுந்து வந்துவிட்டார். கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "வெயில்ல தலைக்கு ஒரு துணி கூட இல்லாம நிக்கிறான் பாரு, கழுதை!" என்று படத்தையே திட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டி நுனியால் துடைத்து மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். தாயில்லாத உங்களைத் தூக்கி வளர்த்தவர். படம் கூடாது என்ற பேச்சு அங்கே வரவே இல்லை.

நிஹார் வயிற்றில் இருக்கும்போது நீங்கள் கப்பல் ஏறினீர்கள். அவளுக்கு அத்தா என்றால் பார்சலில் வரும் பிஸ்கட் டப்பாதான். தூக்கிக் காட்டி, இதுதான் உன் அத்தா என்றேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ஓதுகிற பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, சத்தமாக ஸலாம் சொன்னாள். நாங்கள் பெரியவர்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

புறப்படும்போது ஒரே அழுகை. "அத்தாவை விட்டுட்டு வாரீங்களே, கூட்டிக்கிட்டு வாங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாத்தாதான் அவளைத் தூக்கி, "அது அங்கிட்டு நிக்கட்டும் தாயி, நாம நெசத்தை வரச் சொல்லுவோம்" என்றார். பஸ்ஸில் அதற்குப் பிறகு அவர் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை.

இன்னும் மூன்று வருடம் இருக்கும்படி முதலாளி சொல்வதாகவும், என் சம்மதம் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கடை விஷயம் எனக்கு என்ன தெரியும்? உங்கள் மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள். நீங்கள் இப்போது இளைத்திருப்பீர்களோ, நரைத்திருப்பீர்களோ, அறியேன். எப்படி இருந்தாலும் நிஹார் இனி உங்களை அடையாளம் கண்டுகொள்வாள். நாகப்பட்டினத்தில் கூச்சமில்லாமல் கப்பலை விட்டு இறங்கலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எந்தக் கடலும் உங்களுக்கு அமைதியாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

உங்கள்
ரஹீமா பீவி