ஒன்பதாவது பனங்கை

நேற்று ஓடு மாற்ற ஆசாரியை வரவழைத்திருந்தேன். சாரல் தொடங்குவதற்குள் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு மாதமாக நச்சரிப்பு. அவர் ஏணியில் ஏறி, சுத்தியலின் பின்பக்கத்தால், ஓட்டைத் தாங்கும் பனங்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது பொத்தென்றது. ஆறாவது உளுத்திருந்தது. ஒன்பதாவதைத் தட்டியதும் வெண்கலக் கும்பாவைச் சுண்டியதுபோல் கணீரென்று ஒரு சத்தம். ஆசாரி கீழே குனிந்து, "அண்ணாச்சி, இது எந்த ஊருப் பனை? இரும்பால்லா இருக்கு!" என்றார்.

"கடக்கரைப் பனை" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீர் படிக்கமாட்டீர் என்பது தெரியும். இருந்த காலத்திலும் நீர் படித்ததில்லை. நான் போட்ட கார்டுகளை உம் வீட்டம்மாதான் உரக்கப் படித்தாள். நடுவில் இரண்டு வரி அவளாகவே சேர்த்துக்கொண்டாள் என்பதும் எனக்குத் தெரியும். நீர் கள்ளுக்கடைப் பக்கம் போகக்கூடாது என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை வே.

உம்மை நான் முதலில் அறிந்தது மூக்கால்தான். ஆனி மாதம், தென்காசிச் சந்தையில் என் மரக்கடைக்கு எதிர்ப்புறம் நான்கு ஓலைக் கடவம் நிறையக் கருவாட்டை இறக்கிவிட்டு, "வேய், உமக்க கொட்டகையில ராத்திரிக்கு இத வச்சுக்கிடட்டா?" என்று கேட்டீர். முன்பின் தெரியாத ஆள், கேட்ட தோரணையோ பங்காளி மாதிரி. வைத்துக்கொள்ளும் என்றேன். மறுநாள் பனங்கை வாங்க வந்த ஆலங்குளத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அன்று தொடங்கிய சிநேகம்.

அதன் பிறகு வருஷம் தவறாமல் வந்தீர். ஆனி ஆடியில் உங்கள் மேற்குக்கரைக் கடல் மதம் பிடித்துக் கிடக்கும். வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் கருவாட்டோடு கிளம்புவீர். பத்து நாள் சந்தை, பத்து நாளும் குற்றாலத்தில் குளியல். கடலில் ஊறின உடம்புக்கு அருவித் தண்ணீர் என்னத்துக்கு என்று கேட்டால், "உப்பு எறங்கண்டாமா?" என்பீர். சாரலில் நனைந்துகொண்டே ஒருமுறை சொன்னீர்: "இங்கன சாரல் அடிச்சா, அங்கன எங்க அடுப்பு அணைஞ்சு கெடக்குன்னு அர்த்தம் வேய். ரெண்டும் ஒரே காத்து." அதற்குப் பிறகு சாரலை வெறும் சந்தோஷமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

ஒரு வருஷம் பங்குனியில் பனை பார்க்க உங்கள் ஊர்ப் பக்கம் வந்தேன். கரையெல்லாம் கரும்பாறை, அதன் மேல் மேட்டில் பனங்காடு. வந்தவனை நீர் விடவில்லை. விடியுமுன் வள்ளத்தில் ஏற்றிவிட்டீர். நீர், துடுப்புத் தண்டு வலிக்கிற பெரியவர், நான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் உம் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் தலையோடு போர்த்தினீர்.

"கோவிச்சுக்கிடாதேயும். இது முறை. கணியம் பாக்கும்போ அயலான் கண்ணு கரையில படப்பிடாது."

கணியம் என்றால் என்ன என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டேன். கடலுக்கடியில் பாறை மேடு கிடக்கிறது, அதற்குப் பார் என்று பெயர், கலவாவும் விளமீனும் அங்கேதான் குடியிருக்கும் என்றீர். மேலே தண்ணீரில் ஒரு அடையாளமும் கிடையாது. கரையில் தெரியும் ஒரு பொருளைப் பின்னாலிருக்கிற மலையோடு சேர்த்துப் பிடித்து ஒரு கோடு. வேறு இரண்டைப் பிடித்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் பார். அந்தப் பாரை உம் அப்பா கண்டுபிடித்தார். உம்மையும் அந்தப் பெரியவரையும் தவிர ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. வலையில் ஒன்றும் படாத மாதங்களில் உம் வீட்டில் உலை கொதித்தது அந்த ஒரு பாறை மேட்டால்தான்.

துண்டை எடுத்தபோது வள்ளம் நின்றிருந்தது. நான்கு பக்கமும் ஒரே தண்ணீராகத்தான் எனக்குப் பட்டது. எனக்கு அதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கரை எந்தப் பக்கம் என்று பார்க்கிற நிலையிலும் நான் இல்லை. நீர் ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை இறக்கி, கயிற்றை ஆட்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர். "இப்பம் மணலு... இப்பம் கல்லு தட்டுது... கெடக்கான்" என்று முணுமுணுத்தீர். இழுத்தால் என் தொடை கனத்துக்கு ஒரு கலவா. நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தேன். "நல்ல இரை போடுதீரு, இன்னும் ரெண்டு வரும்" என்றீர். அந்த வாயில்லாப் பெரியவர் அன்று ஒருநாள்தான் சிரித்து நான் பார்த்தேன்.

கரையேறியதும் நீர் மீனை ஏலத்துக்குத் தூக்கிப் போனீர். நான் தள்ளாடித் தள்ளாடிப் பாறை மேட்டில் ஏறி, தனியாக நின்ற ஒரு நெட்டைப் பனையில் சாய்ந்து உட்கார்ந்தேன். மயக்கம் தெளிந்ததும் கை தானாக மரத்தைத் தட்டியது. ஆகா, என்ன சத்தம்! உப்புக்காற்றில் நூறு வருஷம் நின்று உடம்பெல்லாம் வைரம். மர விஷயத்தில் என் காது பொய் சொல்லாது. அப்போது என் வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. அன்றைக்கே நிலத்துக்காரரிடம் பேசி முடித்து, ஆடியில் வெட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். உம்மிடம் சொல்லவில்லை. பனை வாங்குவது எனக்குப் புளி வாங்குவது மாதிரி, அதை ஒரு சேதியாகச் சொல்லத் தோன்றவில்லை.

அந்த ஆடியில் வண்டி வந்தபோது நீர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு என் கொட்டகையில்தான் இருந்தீர். மரத்தைப் பிளந்து கைகளாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டிக்காரனால் முடியவில்லை என்று நீரே தோள் கொடுத்து இறக்கினீர். "நல்ல கனம் வேய், உமக்க பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்" என்று தட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வண்டியேறினீர்.

ஆவணி முடிகிற சமயம், சாரல் நின்று வெயில் வந்துவிட்டது. கருவாடு இல்லாமல், கடவம் இல்லாமல், வெறுங்கையோடு கடை வாசலில் வந்து நின்றீர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "வாரும் வே" என்றேன். நீர் வரவில்லை.

"மேட்டுல நின்ன ஒத்தப்பனை எங்க?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே உம்மை வீட்டுக்குக் கூட்டிவந்து பெருமையாக அண்ணாந்து காட்டினேன். அடிமரத்து வைரமான ஒன்பதாவது கையைக் காட்டி, தட்டியும் காட்டினேன். நீர் அண்ணாந்தபடியே நின்றீர்.

"எனக்க கண்ணப் புடுங்கி உமக்க வீட்டு மேல வச்சிருக்கீரு வேய்."

அந்தப் பனையையும் பின்னால் மலையின் கூனையும் சேர்த்தால்தான் உம் முதல் கோடு. கடல் அடங்கியதிலிருந்து மூன்று வாரம் தேடியிருக்கிறீர். குண்டை இறக்கின இடமெல்லாம் மணல். உம் அப்பா கொடுத்துவிட்டுப் போன ஒரே சொத்து தண்ணீருக்கடியில் தொலைந்து கிடந்தது. என் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றீர். என் மனைவி செம்பில் கொண்டுவந்த மோரையும் தொடவில்லை. "எறக்கினதும் நாந்தான். எனக்க தோளுலதான் எறக்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர். அதை இப்போது மறைப்பானேன், அன்று நான் கொட்டகைக்குள் போய் அழுதேன்.

ஆனால் அழுதுகொண்டே இருக்கிற ஜாதி இல்லை நான். ஒரு மரம் போனால் இன்னொன்றை நிறுத்துவதுதானே என் தொழில். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டேன், அடிக்குற்றி இன்னும் இருக்கிறதா என்று. இருக்கிறது, ஆனால் கடலிலிருந்து தெரியாது என்றீர். "அதுமேல நான் ஒரு பனைய நிறுத்துதேன். நீரு ஒரு தடவை பாரக் கண்டுபிடிச்சு, அங்க இருந்துக்கிட்டு வேற அடையாளம் புடிச்சுக்கிடும்."

"கம்பு பிடிக்க எங்கூர்ல ஒருத்தனக் கூப்பிட்டா, நாளைக்கு அவனுக்க வள்ளம்லா பாருல நிக்கும்?"

"எங்கிட்ட வள்ளம் இருக்கா? நான்தான் புடிக்கப் போறேன்."

செங்கோட்டைக்கு மேலே மலையடிவாரத்தில் இருப்பதிலேயே நீளமான மூங்கில் மூன்று வாங்கினேன். வண்டியில் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றோடொன்று வைத்துக் கட்டி, உச்சியில் என் வெள்ளை வேட்டியைச் சுற்றி, குற்றியின் மேல் நிறுத்தினேன். காற்றில் அது ஆட, உம் வீட்டம்மா ஒரு பக்கம் கயிற்றை இழுத்துப் பிடிக்க, நான் குற்றியில் ஏறி மூங்கிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பொழுது விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை நானே பனை. ஊரே கூடிவிட்டது. என்ன இது என்று கேட்டவர்களிடம், "நூறு வருஷ மரத்த வெட்டிட்டேன், அதுக்குப் பிராயச்சித்தம்" என்றேன். பொய்யில்லை. தென்காசிக்காரனுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டு கலைந்து போனார்கள்.

தோள் இரண்டும் கழன்று விழும்போல இருந்தது. வள்ளம் தூரத்தில் ஒரு புள்ளியாக நகர்ந்தது, நின்றது, திரும்ப நகர்ந்தது. உம் வீட்டம்மா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். வள்ளம் கடைசியாக ஓரிடத்தில் நின்று அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து உம் சிவப்புத் துண்டு அங்கே தலைக்கு மேல் சுழன்றது. அவள் கயிற்றை விட்டுவிட்டுக் கைகூப்ப, மூங்கில் என்னையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. முழங்கையில் பட்ட காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது.

கரைக்கு வந்து, இரண்டு கலவாவை என் காலடியில் போட்டீர். மறுநாளும் என்னை வள்ளத்தில் ஏற்றினீர். நான் பழக்கதோஷத்தில் துண்டுக்குத் தலையை நீட்டினேன்.

"வேண்டாம். மறைச்சதுனாலதான வெட்டினீரு? நல்லாப் பாரும்."

பார்த்தேன். பிளந்த கரும்பாறையின் நடு இடுக்கில் மலையின் கூன் உட்கார வேண்டும். அது புதுக்கோடு. மற்றது பழையபடி கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு மொட்டைக் குன்றும். பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் சொல்லாத விஷயம், நீச்சல் தெரியாத மரக்கடைக்காரனுக்குச் சொன்னீர். அன்றும் வாந்திதான். ஆனால் கண்ணை மூடாமல் வாந்தியெடுத்தேன்.

பிறகு எத்தனையோ சாரல் வந்து போயின. யுத்தம் வந்தது, அரிசிக்கு அலைந்தோம். உம் தண்டுக்காரப் பெரியவர் போனார். அடுத்த வருஷம், கடலுக்கு அடங்காத நீர் நாலு நாள் காய்ச்சலுக்கு அடங்கிவிட்டீர். கார்டு வந்து சேருவதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. அவ்வளவு தூரமும் அழுதுகொண்டேதான் வந்தேன். உம் மைத்துனர் வாசலில் நின்றார். உம் வள்ளம் இனி அவருக்கு. பாரைப் பற்றி உம்மிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லையாம். உம் வீட்டம்மாதான் சொன்னாள், ஜுர வேகத்தில் நீர் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று:

"பனைய வெட்டுனவருட்டக் கேளு."

வேய், உலகத்தில் இப்படியும் ஒருத்தன் ஆளைத் தேர்ந்தெடுப்பானா? உம் கண்ணைப் பிடுங்கினவனிடமே கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனீர்.

வாயால் சொல்லிவிட்டு வர எனக்கு மனசில்லை. பத்தாம் நாள் மைத்துனரோடு வள்ளத்தில் ஏறினேன். அவர் முறைப்படி துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார், பாவம், யாருக்கு யார் மறைப்பது என்று அவருக்கே குழப்பம். வாங்கிக் கீழே போட்டுவிட்டு, பாறை இடுக்கைக் காட்டினேன். கூன் உட்கார்ந்தது. கோபுரத்தைக் காட்டினேன், குன்று பொருந்தியது. "எறக்கும்" என்றேன். குண்டு போய்க்கொண்டே இருந்தது. கயிற்றை நான் வாங்கி என் விரலில் போட்டுக்கொண்டேன். மணல் இல்லை. டக்கென்று கல். நீர் அடியில் இருந்து கதவைத் தட்டினாற்போல் இருந்தது. அன்று எனக்கு வாந்தி வரவில்லை.

உம் மைத்துனரும் இப்போது ஆனியில் கடவத்தோடு வருகிறார். பார் சோறு போடுகிறது என்கிறார். ஆள் நல்லவர்தான், ஆனால் உம்மைப் போல என்னைக் கிண்டல் செய்யத் தெரியவில்லை.

ஆசாரி நேற்றுக் கடைசியில் கேட்டார், "எல்லாத்தையும் மாத்தும்போது இந்த ஒண்ண மட்டும் என்னத்துக்கு விடணும் அண்ணாச்சி? நல்ல வெலைக்குப் போகும்லா?" "அது கெடக்கட்டும்லே, ஒரு மனுசன் அத வச்சு வழி பாத்திருக்கான்" என்றேன்.

என் கட்டில் பட்டாசாலைக் கூடத்தில் குறுக்கே கிடக்கிறது. போகிற வருகிறவர்கள் காலில் இடிக்கிறது என்று வீட்டில் தினமும் ஏச்சு. நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் படுத்தால்தான் தலைக்கு மேல் உம் பனையும், திறந்த வாசலுக்கு நேரே குற்றாலத்து மலையும் ஒரே கோட்டில் வருகின்றன. பார்த்துப் பார்த்துப் போட்ட கட்டில் வே அது. அங்கேதான் நீர் கிடைக்கிறீர்.