திரை இருண்டபோது

மும்பை

அன்புள்ள சலீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு என் சலாம் சொல்.

நேற்று ஒரு வேடிக்கை. டெல்லியில் நடக்கும் கபடிக்கு இங்கே ஸ்டூடியோவில் உட்கார்ந்து தமிழ் வர்ணனை சொல்கிறேன் அல்லவா? பாதி ஆட்டத்தில் என் எதிரே இருந்த திரை இருண்டுவிட்டது. மைக் மட்டும் ஓடியது. கப்பலில் காவல் நிற்பவன், எதுவும் தென்படாவிட்டால் அதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், "கண்ணுக்கு எட்டிய தூரம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். உலகமே கேட்டது. நீ கேட்டிருக்க மாட்டாய். அம்மா சீரியல் பார்க்கும் நேரம். கூட வேலை பார்க்கும் செம்மல், "சார், நேவிய உட்டு வந்தும் கடல்லயே இருக்கீங்களே!" என்றான். நானும் சிரித்துவைத்தேன். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே.

தொண்டை கட்டுகிறது. பெரிய மார்க்கெட் போனால் சுக்கு வாங்கி, இடித்து அனுப்பு. கூடவே என் பழைய கைலி ஒன்று. புதிது வேண்டாம்.

நான் போன் செய்தால், "இங்க ஒண்ணும் இல்லங்க, வச்சிரட்டா?" என்கிறாய். கப்பலில் மற்றவர்கள் காவல் நிற்கும்போது அந்த 'ஒன்றும் இல்லை'யைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. அதற்காகவே விழித்திருப்பேன். நீ சொல்வதும் எனக்கு அப்படித்தான்; உடனே வைத்துவிடாதே. வாசலில் யார் போனார்கள், என்ன குழம்பு, யாருமே வரவில்லை என்றால் அதையும் நிதானமாகச் சொல்.

ஸ்டூடியோ கார் வந்துவிட்டது.

உன்
கமருஸ்ஸமான்